ஈயம் போன போசி

கோயமுத்தூர்
17.2.2025

கிருபாவுக்குச் சென்னியம்மாள் எழுதுவது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் அம்மாவுக்குக் கால் வீக்கம் குறைந்ததா?

நாங்கள் வாங்கிக் கொடுத்த ஃபோனை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாய். ரோஷம் இருக்க வேண்டியதுதான். ஆனால் அதனால் இந்த வயசில் என்னைப் பேனா பிடிக்க வைத்துவிட்டாய். கண்ணில் புரை முற்றிவிட்டது, வரி கோணிக்கொண்டு போனால் சிரிக்காதே. உன் எஸ்டேட் விலாசத்தை எங்கள் கோபி தோட்டத்தில் வேலை பார்க்கும் உன் சித்தி மாசாணியம்மாளிடம் கேட்டு வாங்கினேன்.

பொங்கலுக்கு மறுநாள் நடந்ததை நான் கிளறப் போவதில்லை. உள் சமையலறையில் நாங்கள் புழங்கும் எவர்சில்வர் குண்டாவை நீ வெளி அடுப்பில் ஏற்றியது தப்பு. மூன்று வருசம் வேலைக்கு இருந்தவளுக்கு இந்த வீட்டு வழக்கம் தெரியாதா? நீ சமைக்க வெளி அடுப்பு, அதற்கென்று ஒரு பித்தளைப் போசி. மருமகளின் ஊர்ச் சமையலும் அந்தப் போசியோடு சரி என்று கல்யாணமான வாரமே சொல்லியிருக்கிறேன். கொதித்துக்கொண்டிருந்த கடியை, அவள் ஊர் மோர்க்குழம்பை, நான் சாக்கடையில் கொட்டியதும் உண்டுதான். அதோடு விடு.

இப்போது காரியம் என்னவென்றால், ஹேதலுக்கு உடம்பு சரியில்லை. பெரிதாக ஒன்றுமில்லை, சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான். அடுப்புப் பக்கம் வந்தால் குமட்டுகிறதாம். மனோஜ்குமார் சூரத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த மகராணிக்கு அரிசியும் பருப்பும் சாதம் பிடிக்கவில்லை, கொள்ளு ரசம் பிடிக்கவில்லை. மோர்க்குழம்பு வைத்துக் கொடுத்தேன். விரலில் தொட்டு நக்கிவிட்டு, "மம்மி, கிருபா வெச்ச கடி வேணும்" என்கிறாள். கடியாம் கடி, கடிக்க அதில் என்ன இருக்கிறதோ. எப்படி வைப்பது என்று எழுதி அனுப்பு. நீ வர வேண்டாம், எழுதினால் போதும்.

சென்னியம்மாள்


வால்பாறை
23.2.2025

அம்மாவுக்கு, கிருபா எழுதுவது. ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்ததுங்க. மூன்று நாள் பதில் எழுதக் கூடாது என்று இருந்தேன். எங்கள் எஸ்டேட் லைன் வீட்டில் சிக்னல் இல்லை, ஃபோனும் இல்லை, எழுதாமல் விட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. ஹேதலக்காவுக்குச் சோறு இறங்கவில்லை என்றதால் எழுதுகிறேன். உங்களுக்காக இல்லைங்க.

தயிர் இரண்டு நாள் புளித்திருக்க வேண்டும். ஒரு டம்ளர் தயிருக்கு இரண்டு கரண்டி கடலைமாவு, மூன்று டம்ளர் தண்ணீர். கட்டியில்லாமல் கடைந்துகொள்ளுங்கள். இஞ்சி, பச்சைமிளகாய் இடித்துப் போட்டு, நெல்லிக்காய் அளவு வெல்லம், உப்பு. அடுப்பில் ஏற்றியதும் கரண்டியைக் கீழே வைக்கக் கூடாது. கொதி வரும்வரை கிளறவில்லை என்றால் திரிந்துவிடும். கொதி வந்த பிறகு சின்னத் தீயில் அரை மணி நேரம். நெய்யில் சீரகம், வெந்தயம், இரண்டு கிராம்பு, துண்டுப் பட்டை, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். மஞ்சள் போடக் கூடாது. அவர்கள் ஊர்க் கடி வெள்ளையாகத்தான் இருக்கும்.

பாத்திரத்தைப் பற்றி எழுதவில்லை. அன்றைக்கு நான் ஏன் குண்டாவை எடுத்தேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வாயை மூடு" என்றீர்கள். மூடினது மூடினபடி இருக்கட்டும். நீங்களே சமைக்கிறீர்கள், உங்கள் வீட்டுப் பாத்திரம் உங்களுக்குத் தெரியாததா?

அம்மாவுக்குக் கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. விசாரித்ததற்கு நன்றிங்க.

கிருபா


கோயமுத்தூர்
4.3.2025

கிருபாவுக்கு,

கடிதத்தில்கூட உனக்கு வாய் நீளம்தான். இருந்தாலும் நீ எழுதியது அப்படியே வந்தது. முதல் நாள் கொஞ்சம் திரிந்தது. தபால்காரன் கூப்பிட்டான், கரண்டியை வைத்துவிட்டேன். மறுநாள் நன்றாக வந்தது. ஹேதல் இரண்டு கிண்ணம் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். பத்து நாளைக்குப் பிறகு அந்தப் பெண் வயிறாரச் சாப்பிட்டதைப் பார்த்தேன். மனசு என்னமோ செய்தது, உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும்?

ஒரே ஒரு குறை. ஓரத்தில் லேசாகப் பச்சை தட்டுகிறது. எனக்குத்தான் கண் சரியில்லையே என்று மனோஜிடம் காட்டினேன், அவனும் பச்சை என்றான். கறிவேப்பிலையை அதிகம் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. பார்க்க நன்றாயில்லை என்று நம் ஈரோட்டு மஞ்சள் ஒரு சிட்டிகை தூவினேன். இப்போது தங்கம் மாதிரி இருக்கிறது. நீ மஞ்சள் கூடாது என்றாய். இந்த வீட்டில் மஞ்சள் இல்லாமல் குழம்பு கொதித்ததில்லை.

தினமும் ஒன்றையே கொடுத்தால் அலுத்துவிடும். அவளுடைய ஃபோனில் பார்த்து வேறு ஊர்க் கடியெல்லாம் நீ செய்வாயாமே. அதையும் எழுது.

சென்னியம்மாள்


வால்பாறை
10.3.2025

அம்மாவுக்கு,

பஞ்சாபிக் கடிக்கு வெங்காயப் பக்கோடா பொரித்து, இறக்குவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் போட்டு ஊறவிட வேண்டும். வெல்லம் கிடையாது, மஞ்சள் உண்டு. ராஜஸ்தான் கடியில் மிளகாயும் பெருங்காயமும் தூக்கலாக இருக்கும். சிந்திக் கடியில் தயிரே கிடையாதுங்க. கடலைமாவை எண்ணெயில் வாசம் வரும்வரை வறுத்து, தண்ணீர் ஊற்றி, புளியை நன்றாகக் கரைத்து விட்டு, முருங்கைக்காய், வெண்டைக்காய், கொத்தவரை போட்டுக் கொதிக்கவிட வேண்டும்.

சிந்திக் கடியை இப்போதைக்கு வைக்காதீர்கள்.

பச்சை தட்டியது என்று எழுதியிருந்தீர்கள். கறிவேப்பிலையாகத்தான் இருக்கும் என்று நானும் நினைக்கப் பார்த்தேன். நினைக்க முடியவில்லைங்க. நீங்கள் எந்தப் பாத்திரத்தில் வைக்கிறீர்கள் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். உள் சமையலறைக் குண்டாவில்தானே? உங்கள் கையால் சமைத்தால் உள் அடுப்பில்தான் வைப்பீர்கள் என்று நினைத்துத்தான் போன கடிதத்தில் ரோஷத்தைக் காட்டினேன்.

கிருபா


கோயமுத்தூர்
20.3.2025

கிருபாவுக்கு,

உனக்கு இன்னும் அந்தக் குண்டா மேல் ஆசை தீரவில்லையா? எதில் வைப்பேன், எதில் வைக்கச் சொன்னேனோ அதில்தான் வைக்கிறேன். வெளி அடுப்பில், பித்தளைப் போசியில். மருமகளுக்காக நான் வெளி அடுப்பில் நின்று வேகலாம், சொன்ன சொல்லை மாற்ற முடியாது. எங்கள் பங்காளி வீட்டுப் பெண்கள் வந்து பார்த்தால், சென்னியம்மாள் அடுப்பும் சூரத்துக்குப் போய்விட்டது என்பார்கள். கனமான போசி, அடிப்பிடிப்பதில்லை, சூடு நின்று பிடிக்கிறது. ராத்திரி மீந்ததை அதிலேயே மூடி வைத்துக் காலையில் தோசைக்கு ஊற்றிக்கொள்கிறாள். மறுநாள்தான் ருசி அதிகமாம்.

இப்போது சொல்கிறேன், அவளுக்கு ஐந்தாம் மாசம் பிறந்துவிட்டது. அதுவரை வெளியாட்களுக்குச் சொல்லும் வழக்கமில்லை. அதனால்தான் உனக்கு எழுதவில்லை. கண் பட்டுவிடும் என்று பயம். இரண்டு முறை தங்காமல் போனது உனக்குத் தெரியும், நீதான் அப்போது துணி அலசினாய். இந்தக் குழந்தையாவது நிற்க வேண்டும் என்று மாசாணியம்மனுக்கு நேர்ந்திருக்கிறேன்.

மசக்கை தீர வேண்டிய மாசத்தில் வாந்தி கூடியிருக்கிறது. நாக்கில் பழைய காசை வைத்த மாதிரி இருக்கிறது என்கிறாள். வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கிறதாம். டாக்டரம்மா, சில பேருக்கு இப்படித்தான் என்று மாத்திரை கொடுத்தார். வேறு எதுவும் தங்குவதில்லை, அதனால் கடியை இரண்டு வேளையாக்கிவிட்டேன். நேற்று நானே பிசைந்து ஊட்டிவிட்டேன். "சாப்புடு அம்மணி, இன்னொரு வாய்" என்று சொன்னபோதுதான் கவனித்தேன், அவளை நான் அம்மணி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அழுதுவிட்டாள். நானும்தான்.

சென்னியம்மாள்


வால்பாறை
25.3.2025

அம்மா,

நிறுத்துங்கள். இதைப் படித்து முடிப்பதற்குள் அந்தப் போசியில் இருப்பதைக் கீழே கொட்டுங்கள். ஹேதலக்காவை இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், ஈயம் போன பித்தளையில் ஒரு மாசமாகப் புளித்த தயிர் சாப்பிட்டாள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். இதே வார்த்தையில் சொல்லுங்கள்.

போசிக்குள் ஈயப் பூச்சு இல்லைங்க. சாம்பலும் நாரும் போட்டு நான்தான் தினம் தேய்த்தேன், எனக்குத் தெரியும். மார்கழியிலேயே அங்கங்கே மஞ்சள் தெரிந்தது. பொங்கலன்று விரல் விட்டுத் தடவினேன், அடியில் உள்ளங்கை அளவுகூட மிச்சமில்லை. வெறும் பித்தளையில் புளிப்புப் பட்டால் பச்சைக் களிம்பு இறங்கும். அது விஷம். வைத்திருக்க வைத்திருக்க அதிகமாக இறங்கும், அடியில்தான் ரொம்ப நிற்கும். ஓரத்தில் நீங்கள் பார்த்த பச்சை அதுதான். அதன் மேல்தான் மஞ்சள் தூவினீர்கள்.

அதனால்தான் அன்றைக்குக் குண்டாவை எடுத்தேன். திருடவும் இல்லை, உங்களுக்குச் சமமாக வரவும் நினைக்கவில்லை.

அந்தப் போசி உங்கள் கோபி தோட்டத்தில் ஆளுகளுக்குக் கூழ் ஊற்றிய போசி. மாசாணி சித்தியே இருபது வருசம் அதில் ஊற்றியிருக்கிறது. ஆளுகள் டிபன் கேரியர் கொண்டுவர ஆரம்பித்த பிறகு கோயமுத்தூருக்கு வந்தது. வெளியாள் பாத்திரம் என்று யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை, ஈயம் பூசவும் கொடுக்கவில்லை.

என் தப்பையும் எழுதிவிடுகிறேன். இதையெல்லாம் முதல் கடிதத்திலேயே ஒரு வரியில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. உங்கள் மேல் இருந்த கோபத்தில் எழுதவில்லை. மாசமாக இருக்கிறாள் என்று தெரியாது, தெரிந்திருந்தால் எழுதியிருப்பேன் என்று சொன்னால் அது சாக்கு. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

பஸ் டிரைவர் ஜெரோம் அண்ணன் ஃபோனிலிருந்து நான்கு தடவை அடித்தேன். உங்கள் நம்பர் மட்டும்தான் எனக்கு மனப்பாடம். தெரியாத நம்பரை நீங்கள் எடுக்க மாட்டீர்கள் என்று தெரிந்தும் அடித்தேன். இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். நானே வந்திருப்பேன். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்னைத்தான் பிடிப்பார்கள் என்று பயமாக இருக்கிறதுங்க.

கிருபா


கோயமுத்தூர்
29.3.2025

கிருபாவுக்கு,

நீ பஸ்காரன் ஒருவனிடம் கடிதம் கொடுத்தனுப்பியிருக்கிறாய். புதன்கிழமை சொந்தக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது வந்து, "ஏனுங்கம்மா, அவசரம்னு சொல்லுச்சுங்க, கையிலயே குடுக்கச் சொல்லுச்சுங்க" என்று நின்றான். வெளி அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். அங்கேதான் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை. திரும்ப வேலைக்கு வரக் கேட்டிருப்பாய், அதை நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.

இங்கே எனக்கு மூச்சுவிட நேரமில்லை. ஹேதலுக்குக் கண் வெள்ளையெல்லாம் மஞ்சளாக இருக்கிறது என்று மனோஜ் சொல்கிறான். காமாலையாக இருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். திங்கட்கிழமை டாக்டரம்மா ஊரிலிருந்து வருகிறார், அதுவரை பத்தியமாக மோர் மட்டும் கொடுக்கலாம் என்றார்கள். மோரையும் அவள் குளிர்ச்சியாகக் கேட்கிறாள், போசியில் ஊற்றி வைத்துக் கொடுக்கிறேன். வாய் கசக்கிறது என்றாள். நாளைக்கு நீ எழுதிய சிந்திக் கடியைப் புளி தூக்கலாக வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். நீ வைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தாய், ஏன் என்று எழுதவில்லை. நீ எதையும் முழுசாக எழுதுவதில்லை.

சென்னியம்மாள்


வால்பாறை
2.4.2025

(அஞ்சலட்டை)

அம்மா, திறந்த கார்டில் எழுதுகிறேன். இதைப் பிரிக்க வேண்டியதில்லை. தபால்காரர் படித்தாலும் சரி, வாட்ச்மேன் படித்தாலும் சரி, கேட்டுக்குள் நுழையும்போதே சத்தம் போட்டுச் சொல்லட்டும்.

பித்தளைப் போசியில் இருப்பது விஷம். ஹேதலக்காவுக்குக் கொடுக்காதீர்கள். மோரும் கொடுக்காதீர்கள். புளி கூடவே கூடாது. மேடையில் இருக்கும் கடிதத்தைப் பிரியுங்கள்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் வாரேன்.

கிருபா


கோயமுத்தூர்
15.4.2025

கிருபாவுக்கு,

நீ மூன்றாம் தேதி வந்து, பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுப் போனதாக வாட்ச்மேன் சொன்னான். எந்த ஆஸ்பத்திரி என்று அவனுக்கும் தெரியாது. மனோஜ் யாரிடமும் சொல்லவில்லை.

பிழைத்துவிட்டாள். முதலில் அதை எழுதிவிடுகிறேன். பிள்ளையும் இருக்கிறது. நேற்று ஸ்கேனில் துடிப்பு நன்றாகக் கேட்டது.

முப்பத்தொன்றாம் தேதி காலையில் குளியலறையில் விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு எதுல சமைச்சதைச் சாப்புடுது?" என்று கேட்டார். என்ன சாப்பிட்டாள் என்று கேட்கவில்லை, எதில் என்று கேட்டார். அப்போதே கிளம்பிவிட்டேன். டிரைவரை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, போசியை வெயிலில் சாய்த்துப் பிடித்து உள்ளே விரல் விட்டேன். அப்புறம்தான் மேடையில் கிடந்த உன் கடிதத்தைப் பிரித்தேன். ஐந்து நாள் அங்கே கிடந்திருக்கிறது, கிருபா. அந்த ஐந்து நாளும் நான் அந்த மேடைக்கு முன்னால் நின்றுதான் கடி கிளறினேன். புளிக் கடியும் வைத்தேன்.

மனோஜிடம் போசியைப் பற்றிச் சொன்னேன். கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. நீயும் சொல்ல வேண்டாம். உன் முதல் கடிதத்தில் நீ எழுதியிருப்பதை நானும் அவனுக்குக் காட்டவில்லை. காட்டினால் அவன் உன்னைச் சும்மா விடமாட்டான். நடந்தது நம் இருவரோடும் போகட்டும்.

ஹேதல் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். திரும்ப வந்துவிடு. இனிமேல் கடியை எவர்சில்வர் குண்டாவில் உள் அடுப்பிலேயே வைக்கலாம் என்று சொல்லிவிட்டேன். பங்காளி வீட்டார் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். நான் கிளறுகிறேன், நீ வெளியே உட்கார்ந்து காய் நறுக்கிக் கொடு. அடுத்த வாரம் கண் ஆபரேஷனுக்கும் தேதி வாங்கிவிட்டேன்.

அந்தப் போசி இனி என் கண்ணில் படக் கூடாது. கனமான பித்தளை, என் கல்யாணச் சீரில் வந்தது, எடைக்குப் போட மனசு வரவில்லை. நேற்று வேனில் திரும்பக் கோபி தோட்டத்துக்கே அனுப்பிவிட்டேன். வாய்க்காலில் தண்ணீர் விட்டாயிற்று, நடவுக்குப் பதினாலு ஆள் வருகிறார்கள், இந்த வெயிலுக்கு மோர் கரைத்து ஊற்ற உதவும். ஈயம் பூச ஆள் கிடைக்கவில்லை. காய்ச்சுகிற குழம்பா என்ன, பச்சை மோர்தானே. காட்டிலும் மேட்டிலும் கிடந்த உடம்பு, அவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

உன் அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

சென்னியம்மாள்


பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்ட்
19.4.2025

அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலையில்தான் கிடைத்தது. இங்கே இறங்கியதும் ஒரு கடைக்காரர் ஃபோனில் உங்களுக்கு அடித்தேன். நீங்கள் எடுக்கவில்லை. தெரியாத நம்பர். சித்தியிடம் ஃபோன் கிடையாது, தோட்டத்து மேஸ்திரி நம்பர் எனக்குத் தெரியாது.

ஹேதலக்கா பிழைத்ததற்குக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அதைப் படித்ததும் பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அதற்கு மேலே படிக்காமல் மடித்து வைத்திருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

நான் உங்கள் வீட்டுக்கு வரவில்லைங்க. கோபிக்குப் போகிறேன். அந்தப் போசியை என் கையால் கவிழ்த்து, அடியில் ஓட்டை போட்ட பிறகுதான் வேறு வேலை. அப்புறம் கோயமுத்தூருக்கு வந்து மனோஜண்ணனைப் பார்ப்பேன். நீங்கள் எழுதிய கடிதமெல்லாம் என் பையில் இருக்கிறது. என் முதல் கடிதத்தை நீங்கள் காட்டினாலும் காட்டாவிட்டாலும், அதில் என்ன எழுதினேன், என்ன எழுதாமல் விட்டேன் என்று நானே சொல்லிவிடுகிறேன். போலீசுக்குப் போனாலும் போகட்டும். எனக்குக் கோபம் வந்தபோது நான் வாயை மூடிக்கொண்டேன். அதனால் என்ன ஆனது என்று பார்த்துவிட்டேன், இனிமேல் மூட மாட்டேன்.

போசி பதினாலாம் தேதி போயிருக்கிறது. இன்றைக்குப் பத்தொன்பது. ஐந்து நாளாக ஊற்றியிருப்பார்கள். பதினாலு பேரில் யாருக்கு மாசமோ, யாருக்குக் கைக்குழந்தையோ, உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கோபி பஸ் கிளம்பப் போகிறது, தபால்பெட்டி எதிரிலேயே இருக்கிறது, போட்டுவிட்டு ஏறுகிறேன்.

அங்கே மோர் ஊற்றுவது மாசாணி சித்திதான். அது எப்போதும் முதலில் குடிக்காதுங்க. எல்லாருக்கும் ஊற்றிவிட்டு, அடியில் நிற்பதைத்தான் குடிக்கும்.

கிருபா